இடது மூலை

தை பிறந்தும் விடாத குளிர்.
அக்கரபத்தனை டவுனில், பேக்கரிக்கு மேல்மாடி அறையில்
எண்பத்தாறு இலட்சம் கண்களுள்ள வலையொன்றை
விரித்து வைத்திருக்கிறேன்.
மீனுக்கு அல்ல. தண்ணீருக்கு.

ஒவ்வொரு கண்ணிலும் ஒரு வேகம், ஓர் அழுத்தம்.
பக்கத்துக் கண்ணை ஒவ்வொன்றும் கேட்கிறது:
உன்னிடம் வந்தது எவ்வளவு, போனது எவ்வளவு?
கணக்கு உதைத்தால்
மீதி என்று காட்டுகிறது திரை.
மீதியைக் குறைப்பது என் உத்தியோகம்.

கப்பல் இன்னும் கட்டப்படவில்லை.
வடக்கே ஏதோ ஒரு குடாவில்
ஐஸ் பாளங்களுக்கு அடியில் அதன் சுழலி சுழலும்;
பின்னால் பீறிடும் நீர்
பாளத்தின் அடிவயிற்றைத் தேய்த்துத் தேய்த்து
நெக்குவிடச் செய்யவேண்டும்,
நொறுங்கியதை ஓரம் ஒதுக்கவேண்டும்.
எத்தனை மீட்டர் நீளம், எத்தனை அகலம்?
கப்பல் மிதப்பதற்கு முன்பே சொல்லிவிட
எனக்குச் சம்பளம்.

கப்பல் என்றதும்
மலையகத்துக்காரி எங்கே போய் நிற்பாள் என்று
உங்களுக்கு ஓர் எதிர்பார்ப்பு இருக்கும்.
அந்தக் கப்பலை இன்றைக்கு விட்டுவிடுங்கள்.
அதன் பின்னே கலங்கிய தண்ணீருக்கு
தொடக்கநிலை அளவு ஒன்றுகூட
என்னிடம் இல்லை.

என் தொல்லை வேறு.
பதினோராவது விநாடியில்
ஓட்டம் இடப்பக்கம் சாய்கிறது,
பட்டி தெரிந்த மாடு மாதிரி.
வலையை நெருக்கினேன். சாய்ந்தது.
காலப்படியைப் பாதியாக்கினேன். சாய்ந்தது.
கொந்தளிப்புச் சமன்பாட்டையே மாற்றி
மூன்று நாள் ஓடவிட்டேன்;
மூன்றாம் நாள் கரண்ட் போனது.
கீழே இருட்டிலும் மாவு பிசைகிற சத்தம்.

யூஹானி எழுதினான், கப்பல் பட்டறையிலிருந்து:
"இடதையும் வலதையும் கூட்டி இரண்டால் வகுத்துவிடு.
அறிக்கை அழகாக இருக்கும்."

புதன் இரவு, இரவல் ஹெல்மெட்டைத் திருப்பிக் கொடுக்க
ஃபேக்டரி மேல்தட்டுக்கு ஏறினேன்.
நீளநீளமாய் வாட்டுத் தொட்டிகள்.
கம்பிவலைமேல் ஒரு சாண் கனத்தில் கொழுந்து.
தலைமாட்டில் ஆளுயர விசிறி
அடியில் காற்றைத் தள்ளிக்கொண்டிருந்தது.
ரொசிலின் முழங்கை வரை உள்ளே விட்டுப்
புரட்டிக்கொண்டே திட்டினாள்:
"எந்நாளும் இந்த எடது மூலதான் மொதல்ல காயுது.
அந்தப் பக்கம் ஈரம். ஒரே தொட்டி, ஒரே கொழுந்து.
டீமேக்கர் என்னயத்தான் ஏசுறாரு."

கையை வைத்தேன்.
இடதில் இலை பழந்துணிபோல் துவண்டது.
வலதில் விரல் நனைந்தது.
விசிறியைப் பார்த்தேன்: இடஞ்சுழி.
மேலே ஒரு தடுப்பு.
தடுப்பின் அடியை உரசிக்கொண்டு
முறுக்கியபடியே போகிற ஓட்டம்.

"ஒரு நிமிஷம் நிறுத்தேன் இத."
"பைத்தியமா? ஆயிரம் கிலோ கெடக்குது."

திரும்பும்போது விடியப்பார்த்தது.
ஆற்றுப் பள்ளத்தில் செடிகள் வெளுத்திருந்தன;
வெயில் பட்டதும் கருகிவிடும்.
ஒரு துளிரைக் கிள்ளினேன்.
என் கணக்கில் ஐஸ் ஒன்றேகால் மீட்டர் தடிப்பு.
நான் தொட்டறிந்தது இவ்வளவுதான்,
நகக்கண்ணில் ஏறி
உடனே நீரானது.

யூஹானிக்கு எழுதினேன்: வகுக்கவில்லை.
நீர் இடப்பக்கம்தான் போகிறது.
சான்று என்ற இடத்தில்
இரண்டாம் தொட்டி, ரொசிலின் என்று அடித்தேன்.
அழிக்கக் கை போனது.
அழிக்கவில்லை.

பத்து மணிக்கு அவளிடமிருந்து வாட்ஸ்அப்:
"எடது மூலைல சாக்கு ஒண்ணு திணிச்சி அடச்சிட்டேன்.
இப்ப ரெண்டு பக்கமும் சமமா காயுது."

கப்பலுக்கு எங்கே சாக்கு வைப்பது என்று
வலையைத் திருப்பித் திருப்பிப்
பார்த்துக்கொண்டிருக்கிறேன்.